வீட்டுத் தொழிலுக்கு இணையப் போட்டி: கேள்வி எழுதுவதிலிருந்து பார்சல் போய்ச் சேரும் வரை

திருச்சியில் என் வீட்டுச் சமையலறையிலிருந்து இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வத்தல் வகைகள் விற்கிறேன். இதுவரை இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலுமாக ஏழு போட்டிகள் நடத்தியிருக்கிறேன். முதல் இரண்டில் காசும் போயிற்று, மானமும் கொஞ்சம் போயிற்று. பிறகு நைட்டி தைப்பவர், டெரகோட்டா நகை செய்பவர், கேக் சுடுபவர் என்று தெரிந்தவர்கள் சிலர் போட்டி நடத்தியபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பதும் ஒரே கேள்விதான்: "அக்கா, பரிசு என்ன வைக்கலாம்?"

அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. வரிசைப்படியே போவோம்.

1. எதற்காக நடத்துகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்

ஒரு போட்டியால் ஒரு காரியம்தான் நடக்கும். புதிய பொருளை நாலு பேர் சுவைத்துப் பார்க்க வைப்பது, வாங்கக்கூடியவர்களின் வாட்ஸ்அப் எண்களைச் சேர்ப்பது, ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து படங்கள் பெறுவது ஆகியவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவையும் அந்த வரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

என் முதல் போட்டிக்கு அப்படி ஒரு வரி இல்லை. "நிறையப் பேருக்குத் தெரிய வேண்டும்" என்பதுதான் எண்ணம். 5 கிராம் வெள்ளிக் காசு பரிசு. பக்கத்தைப் பின்தொடர வேண்டும், மூன்று நண்பர்களைக் குறிப்பிட வேண்டும். பத்து நாளில் 212 பேர் இருந்த பக்கத்தில் 1,130 பேர் ஆனார்கள். வீட்டில் கேசரி கிண்டினோம். முடிவு அறிவித்து ஒரு மாதத்தில் 640 ஆகக் குறைந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து வந்த ஆர்டர் இரண்டு. வெள்ளிக் காசை வென்றவர் வெளியில் பொடி வாங்கும் வழக்கமே இல்லாதவர் என்று பிறகு தெரிந்தது. அவருடைய பக்கம் முழுக்கப் போட்டிப் பதிவுகள்தான்.

பரிசுக்காகவே இணையத்தில் சுற்றுகிறவர்கள் ஒரு தனிக் கூட்டம். அவர்கள்மேல் குற்றமில்லை, நாம் அழைத்தோம், வந்தார்கள். அவர்களைக் கோபிக்காமல், அவர்களுக்கு அலுப்பூட்டும் போட்டியாக நம்முடையதை அமைத்துவிட்டால் போதும். பரிசு, கேள்வி இரண்டையும் அதற்காகத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

2. அறிவிப்புக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

போட்டி நடக்கும்போது உங்கள் பக்கத்துக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வருவார்கள். அப்போது கடை திறந்திருக்க வேண்டும். பலருடைய போட்டிகள் இங்கேதான் வீணாகின்றன: கூட்டம் வருகிறது, விலைப்பட்டியல் இல்லை.

உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண் வேண்டும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வழங்கும் 14 இலக்க எண் அது. ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் உண்டு. இலவசமாகக் கொடுக்கிற பொட்டலம்தானே என்று நினைக்க வேண்டாம். பரிசுப் பொட்டலத்தைத்தான் வென்றவர் படமெடுத்து எல்லாருக்கும் காட்டுவார். அதில் பதிவு எண், எடை, சேர்மானங்கள், தயாரித்த நாள், எந்த நாள் வரை பயன்படுத்தலாம் என்பது, சைவ உணவுக்கான பச்சைக் குறி எல்லாம் இருக்கட்டும்.

இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள், காசு கிடையாது. எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊரிலிருந்து, எத்தனை பேர் சேமித்துவைத்தார்கள் என்ற விவரங்கள் அதில்தான் தெரியும். மாற்றிய நாளுக்குப் பிந்தைய விவரங்களே கிடைக்கும் என்பதால் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே செய்துவிடுங்கள். அப்போதுதான் போட்டிக்கு முன், பின் என்று ஒப்பிடலாம்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருட்பட்டியல், விலை, படம் எல்லாவற்றையும் ஏற்றிவையுங்கள். சொந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களும் ஒரே எண்ணில் இருந்தால் தனி எண் வாங்க இதுவே நேரம். என் சின்ன மாமியார் அனுப்பிய காலை வணக்கப் படத்துக்கு அடியில் ஓர் ஆர்டர் மூன்று நாள் கிடந்தது.

கடைசியாகச் சரக்கு. போட்டி முடிந்த வாரத்தில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆர்டர் வந்தால் சமாளிக்க முடியுமா? பருப்பை எந்நேரமும் வறுக்கலாம். மோர்மிளகாய் வெயிலில் காய வேண்டும். ஐப்பசி மழையில் அதைப் பரிசாக அறிவித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

3. பரிசு: நீங்கள் விற்பதையே கொடுங்கள்

பணம், கைபேசி, வெள்ளிக் காசு, புடவை எல்லாருக்கும் வேண்டும். எல்லாருக்கும் வேண்டிய பரிசு எல்லாரையும் அழைத்துவரும். பருப்புப் பொடியும் வத்தலும் பரிசு என்றால், பருப்புப் பொடியும் வத்தலும் பிடித்தவர்கள் மட்டும்தான் மெனக்கெடுவார்கள். எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

ஒரே பெரிய பரிசுக்குப் பதில் மூன்று சின்னப் பரிசுகள் வைப்பதே எனக்குப் பலன் தந்தது. மூன்று ஊர்களில் மூன்று வீடுகளில் பொட்டலம் பிரிக்கப்படும். மூன்று பேர் படம் போடுவார்கள். நான் கொடுப்பது ஐந்து வகைப் பொடிகள் நூறு நூறு கிராம் கொண்ட ஒரு பெட்டி. அரைக் கிலோ இட்லிப் பொடியை ஒரே பையாகக் கொடுத்தால் மூன்று மாதத்துக்கு அவர் வீட்டில் பொடி தீராது, ஆர்டரும் வராது. நூறு கிராம் பத்து நாளில் தீர்ந்துவிடும்.

தையல், நகை போன்ற தொழிலில் பரிசை அப்படியே அனுப்பாமல் அளவு, நிறம் கேட்டுச் செய்து கொடுங்கள். அந்தப் பேச்சுவார்த்தையிலேயே உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று அவருக்குப் புரிந்துவிடும். கேக் செய்பவர்கள் வெளியூர்க்காரர்களை முதலிலேயே விலக்க வேண்டும். "திருச்சி மாநகருக்குள் மட்டும்" என்று பரிசின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பரிசின் மதிப்பு எதுவானாலும் 10,000 ரூபாயைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் 30 சதவீத வருமான வரியைப் பிடித்தம் செய்து கட்டுகிற பொறுப்பு பரிசு கொடுப்பவர் தலையில் விழும். பொடி விற்கிற நமக்கு அந்த வம்பு எதற்கு?

4. கேள்வி: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

"பிடித்திருந்தால் லைக் போடுங்கள், மூன்று பேரைக் குறிப்பிடுங்கள்" என்பது மூன்று விநாடி வேலை. யாரும் செய்துவிட்டுப் போவார்கள், உங்களுக்கும் ஒன்றும் மிஞ்சாது. லைக் கேட்டும் பகிரக் கேட்டும் கெஞ்சும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஆகவே அந்த வழியில் கூட்டம் சேர்வதும் நிச்சயமில்லை.

நல்ல கேள்விக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் மூன்று. உங்கள் பொருளைப் பயன்படுத்துகிறவருக்கு உடனே பதில் தெரிய வேண்டும். கூகுளில் தேடினால் கிடைக்கக் கூடாது. பதிலைப் படிக்கும் உங்களுக்குத் தொழிலுக்கு உதவும் ஒரு செய்தி கிடைக்க வேண்டும்.

என் நான்காவது போட்டியின் கேள்வி இது: "உங்கள் வீட்டுப் பருப்புப் பொடியில் பூண்டு உண்டா, இல்லையா? ஏன்? நான்கு வரிக்குள் சொல்லுங்கள்." 143 பதில்கள் வந்தன. இரவு பாத்திரம் கழுவி முடித்துவிட்டு ஒரு கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் "உண்டு", வலப்பக்கம் "இல்லை" என்று குறித்துக்கொண்டே வந்தேன். பூண்டுக்காரர்கள்தான் அதிகம். ஆனால் வலப்பக்கத்தில் எழுதியவர்கள் காரணத்தோடு எழுதியிருந்தார்கள்: அமாவாசை, ஏகாதசி, புரட்டாசிச் சனிக்கிழமை, மாமியாருக்கு வாயு, அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் வாடை. அன்று வரை நான் பூண்டு போட்ட பொடி மட்டுமே விற்றுக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் பூண்டில்லாப் பொடி தொடங்கினேன். வலப்பக்கத்தில் இருந்தவர்களிடம் முதலில் சொன்னேன். இன்று என் விற்பனையில் அது இரண்டாவது இடத்தில் இருக்கிறது.

மற்றத் தொழில்களுக்கும் இப்படிக் கேள்விகள் உண்டு. நகை செய்பவர் "உங்களிடம் இருக்கும் எந்தப் புடவைக்குப் பொருத்தமான தோடு கிடைக்கவில்லை? புடவையின் படம் அனுப்புங்கள்" என்று கேட்கலாம். கோலப்பொடி, கோல அச்சு விற்பவருக்கு மார்கழியில் கேள்வியே தேவையில்லை, வாசல் கோலத்தின் படம் போதும். நவராத்திரியில் கொலுப் படிகளின் படம் கேட்பதும் அப்படித்தான். ஆனால் கொலுப் போட்டி எல்லாரும் நடத்துவதால், "ஒரு படியை மட்டும் படமெடுத்து அதன் கதையைச் சொல்லுங்கள்" என்பது போல் குறுக்கிக் கேளுங்கள்.

படம் கேட்டால் பங்கேற்பவர் எண்ணிக்கை விழும் என்பதும் உண்மை. படம் எடுக்க வெளிச்சம் வேண்டும், நேரம் வேண்டும், வீடு ஒழுங்காக இருக்க வேண்டும். பக்கத்தில் 500 பேருக்கும் குறைவாக இருந்தால் எழுத்துப் பதிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

5. விதிமுறைகளைப் பத்து வரியில் எழுதுங்கள்

இதைப் படிக்காமல் தாண்டிப் போக நினைப்பவர்கள்தான் பிறகு சண்டையில் மாட்டுகிறார்கள். சட்டமும் இருக்கிறது, தளங்களின் நிபந்தனைகளும் இருக்கின்றன.

பொருள் வாங்கினால்தான் பங்கேற்கலாம், வாங்கியவர்களில் குலுக்கிப் பரிசு என்று அறிவிக்காதீர்கள். பணம் கொடுத்துச் சேர்ந்து, அதிர்ஷ்டத்தால் வெல்வது என்றால் அது லாட்டரியின் இலக்கணம். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை இருக்கிறது. லாட்டரி அறிவிப்பை வெளியிடுவதே பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 297-ஆவது பிரிவின் கீழ் குற்றம். விற்பனையைப் பெருக்க நடத்தும் போட்டிகளையும் குலுக்கல்களையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்ற தலைப்பில்தான் வைத்துப் பேசுகிறது. பரிசுத் திட்டத்தின் முடிவை மறைப்பதைத் தனியாகவே சொல்கிறது. ஆகவே நான் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு: கட்டணம் இல்லை, வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை, குலுக்கல் இல்லை, சின்னப் பரிசு, பதிலின் தரத்தைப் பார்த்துத் தேர்வு, முடிவு அதே பக்கத்தில். பெரிய அளவில் நடத்தப்போகிறவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஃபேஸ்புக்கில், "உங்கள் பக்கத்தில் பகிர்ந்தால்தான் போட்டியில் சேர்க்கை", "நண்பர்களைக் குறிப்பிட்டால்தான் சேர்க்கை" என்ற நிபந்தனைகளுக்கு அனுமதியில்லை. ஊரே செய்கிறது என்பது வேறு. யாராவது புகார் செய்து பதிவு நீக்கப்பட்டால் அத்தனை பதில்களும் அதோடு போய்விடும். படத்தில் இல்லாதவர்களைப் படத்தில் குறியிடச் சொல்வதை இன்ஸ்டாகிராம் தடுக்கிறது. இரண்டிலும், போட்டிக்கும் அந்தத் தளத்துக்கும் சம்பந்தமில்லை, அது இதை நடத்தவோ ஆதரிக்கவோ இல்லை என்று ஒரு வரி எழுத வேண்டும்.

மற்ற வரிகள்: யார் பங்கேற்கலாம், ஒருவருக்கு எத்தனை பதில், எந்த நாள் எத்தனை மணிக்கு முடியும், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பீர்கள், யார் தேர்ந்தெடுப்பார், முடிவு என்று வெளியாகும், கூரியர் செலவு யாருடையது, எத்தனை நாளுக்குள் முகவரி தர வேண்டும், தராவிட்டால் என்ன ஆகும். 18 வயதுக்கு மேல், இந்திய முகவரி ஆகிய இரண்டையும் மறக்காதீர்கள். என் மூன்றாவது போட்டியில் வென்றவர் சிங்கப்பூரில் இருந்தார். பரிசை விட அனுப்பும் செலவு அதிகம். தாம்பரத்தில் இருக்கும் அவருடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்பி ஒருவழியாக முடித்தேன்.

அனுப்பப்படும் பதிலையும் படத்தையும் உங்கள் பக்கத்தில் பயன்படுத்திக்கொள்வீர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். அடுத்தவர் வீட்டுக் கொலுவை அனுமதி இல்லாமல் விளம்பரமாக்குவது அழகில்லை.

6. செலவை முதலிலேயே கூட்டிப் பாருங்கள்

என் நான்காவது போட்டியின் கணக்கு. ஒரு பரிசுப் பெட்டிக்குப் பொடி செய்த செலவு 225 ரூபாய், அட்டைப்பெட்டி 35, கூரியர் 90, ஆக 350. மூன்று பெட்டிக்கு 1,050. பதிவைத் திருச்சி, தஞ்சாவூர், மதுரைக்காரர்களுக்குக் காட்ட இன்ஸ்டாகிராமுக்குக் கட்டியது 500. மொத்தம் 1,550 ரூபாய்.

போட்டி முடிந்த பத்து நாளில் 19 ஆர்டர்கள், 7,220 ரூபாய். தள்ளுபடி, பொருள், பொட்டலம், கூரியர் எல்லாம் போகக் கையில் நின்றது சுமார் 1,800. போட்டிச் செலவைக் கழித்தால் 250 ரூபாய் லாபம். என் உழைப்புக்குக் கூலி போடவில்லை. இதைக் கேட்டால் பலருக்கு முகம் சுருங்கும். ஆனால் அந்த 19 பேரில் 11 பேர் இரண்டு மாதத்துக்குள் மறுபடியும் வாங்கினார்கள். போட்டியின் வருமானம் இரண்டாவது ஆர்டரில்தான் இருக்கிறது. முதல் பத்து நாளில் பணம் பார்க்க வேண்டிய நெருக்கடியில் இருந்தால், போட்டியை விட்டுவிட்டு நேரடியாகத் தள்ளுபடி கொடுங்கள்.

7. நாள் குறித்தல்

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் வேண்டாம். அடுப்படியில் நிற்கவே நேரமிருக்காது, பெரிய கடைகளின் விளம்பரச் சத்தத்தில் உங்கள் பதிவு கேட்கவும் கேட்காது. விற்பனை மந்தமான நாட்களுக்குச் சற்று முன்னால் நடத்துங்கள். எனக்கு ஆனி பிற்பகுதியும் தை கடைசியும் ஒத்துவருகின்றன.

ஏழு நாள் போதும். மூன்று நாள் என்றால் பலருக்குத் தெரிவதற்குள் முடிந்துவிடும்; பதினைந்து நாள் என்றால் "அப்புறம் எழுதலாம்" என்று மறந்துவிடுவார்கள். ஞாயிறு மாலை தொடங்கி அடுத்த ஞாயிறு இரவு 9 மணிக்கு முடிக்கிறேன். "நள்ளிரவு வரை" என்று எழுதாதீர்கள். எந்த நாளின் நள்ளிரவு என்று குறைந்தது நான்கு பேர் கேட்பார்கள்.

8. அறிவிப்புப் பதிவு

படத்தில் மூன்றே விஷயங்கள்: பரிசு, கேள்வி, கடைசி நாள். பரிசுக்கு வேறெங்கோ எடுத்த படத்தைப் போடாமல், அனுப்பப்போகும் அதே பெட்டியைச் சன்னலோரம் வைத்துப் படமெடுங்கள்.

எழுத்தில் கேள்வி முதல் வரியில் வரட்டும். "அன்பான வாடிக்கையாளர்களே, நாங்கள் இந்தத் தொழிலைத் தொடங்கி..." என்று ஆரம்பித்தால் கேள்வி மடிப்புக்குள் மறைந்துவிடும், விரித்துப் படிக்கிறவர் குறைவு. கேள்விக்குப் பிறகு எப்படிப் பங்கேற்பது, பிறகு பரிசு, பிறகு விதிமுறை. இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவின் எழுத்து 2,200 எழுத்துக்குறிகளுக்குள் அடங்க வேண்டும். தமிழில் உயிர்மெய்யின் குறிகளும் தனித்தனியாகக் கணக்கில் சேரும் என்பதால் நினைப்பதைவிடச் சீக்கிரம் நிறைந்துவிடும். விதிமுறைகளை இரண்டாவது படமாகவே போட்டுவிடுங்கள்.

பதிலைக் கமெண்டில் கேட்பதா, கூகுள் படிவத்தில் கேட்பதா? கமெண்டில் கேட்டால் கூட்டம் தெரியும், ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதுவார். படிவத்தில் கேட்டால் பெயர், ஊர், எண், பதில் எழுதிய நேரம் எல்லாம் அட்டவணையாகவே கிடைக்கும். நான் பதிலைக் கமெண்டில் கேட்டு, எண்ணைத் தனியாகப் படிவத்தில் கேட்கிறேன். எக்காரணம் கொண்டும் கைபேசி எண்ணைக் கமெண்டில் எழுதச் சொல்லாதீர்கள், யாராவது எழுதினால் உடனே நீக்குங்கள். படிவத்தில் "புதிய பொருள் வரும்போது வாட்ஸ்அப்பில் சொல்லலாமா?" என்று தனிக் கேள்வி இருக்கட்டும். ஆம் என்றவர்களுக்கு மட்டும்தான் பிறகு செய்தி அனுப்ப வேண்டும். ஒரு காரியத்துக்காக வாங்கிய விவரத்தைக் கேட்காமல் இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் சாரம்.

9. போட்டி நடக்கும் ஏழு நாட்கள்

முதல் இரண்டு மணி நேரம் கைபேசியை விட்டு நகராதீர்கள். முதலில் வரும் பத்துப் பதில்களுக்கும் பதில் எழுதுங்கள். "நன்றி" என்று மட்டும் எழுதினால் போதாது. "கொள்ளும் சேர்ப்பீர்களா? எந்த அளவில்?" என்று கேட்டால் பேச்சு வளரும், பேச்சு வளரும் இடத்தில்தான் மூன்றாமவர் நின்று பார்ப்பார்.

நடுவில் ஒரு தொய்வு வரும், மூன்றாம் நாளும் நான்காம் நாளும். அப்போது நல்ல பதில் ஒன்றை, எழுதியவர் பெயரோடு ஸ்டோரியில் போடுங்கள். கடைசி நாள் காலையிலும் மாலையிலும் நினைவூட்டுங்கள். பயந்துபோய் நடுவழியில் பரிசைக் கூட்டுவதோ நாளை நீட்டிப்பதோ வேண்டாம். ஏற்கெனவே எழுதியவர்களுக்கு அது ஏமாற்றமாகத் தெரியும்.

10. தேர்வு

பதிவில் சொன்ன நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். 9 மணிக்குப் பிறகு வந்தவை எவை என்ற வாக்குவாதம் அதோடு தீரும்.

பதில்களை மட்டும் எண் போட்டு, எழுதியவர் பெயர் இல்லாமல் ஒரு தாளில் எழுதி, தொழிலோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுங்கள். எனக்கு எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை இருக்கிறார். அவர் சிவப்பு மையால் மதிப்பெண் போட்டு, எழுத்துப் பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்தும் விடுவார். பிழைக்குக் குறைப்பதில்லை என்று விதிமுறையில் எழுதியிருக்கிறேன், அவர் கேட்பதில்லை, நான் திரும்பக் கூட்டிக்கொள்கிறேன்.

சொந்தக்காரர்கள் பங்கேற்கக் கூடாது. என் இரண்டாவது போட்டியில் நாத்தனார் மகள் வென்றாள். உண்மையிலேயே அவள் பதில்தான் நன்றாக இருந்தது. நம்பினவர் யாருமில்லை.

முடிவை அறிவிக்கும்போது வென்ற மூன்று பதில்களையும் முழுதாகப் போட்டு, ஒவ்வொன்றையும் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். தோற்றவர்களும் இதைத்தான் தேடிப் படிப்பார்கள்.

11. போலிக் கணக்கு வரும், எதிர்பார்த்திருங்கள்

உங்கள் பக்கத்தின் படத்தையும் பெயரையும் எடுத்து, ஒரு புள்ளியோ அடிக்கோடோ சேர்த்து, யாரோ ஒரு கணக்குத் தொடங்குவார்கள். பங்கேற்றவர்களுக்கு "நீங்கள் வென்றுவிட்டீர்கள், கூரியருக்கு 99 ரூபாய் அனுப்புங்கள்" என்று தனிச்செய்தி போகும். சின்னப் பக்கம்தானே, நம்மை யார் சீண்டுவார்கள் என்று நானும் நினைத்தேன். ஐந்தாவது போட்டியில் இருவர் பணம் அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றியது யாரோ, திட்டு விழுந்தது எனக்கு.

அதனால் அறிவிப்பிலேயே எழுதுங்கள்: இந்த ஒரே கணக்கிலிருந்துதான் தொடர்புகொள்வோம், பணமோ ஓடிபியோ கேட்கமாட்டோம், கியூஆர் குறியீடு அனுப்பமாட்டோம். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் போடவே தேவையில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இன்னும் பலருக்கு இது தெரியாது. போலியைக் கண்டால் உடனே ஸ்டோரியில் காட்டி, எல்லாரையும் புகாரளிக்கச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

12. பார்சல்

முடிவு வந்த மூன்று நாளுக்குள் அனுப்புங்கள். தாமதமானால் வென்றவருக்கு உற்சாகம் வடிந்துவிடும், படமும் போடமாட்டார்.

பொடி விற்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. பையில் பொடியைக் கரண்டியால் போடும்போது வாய்ப்பகுதியில் மெல்லிய தூள் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சீலிங் இயந்திரத்தை அழுத்தினால் ஒட்டியது போலத்தான் தெரியும். வழியில் ஓர் அழுத்தம் பட்டதும் அந்த இடம் வாய் பிளக்கும். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிப் பையின் அடிவரை விட்டுக் கொட்டுங்கள், வாயின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். பிறகு பையைக் கவிழ்த்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். காற்று ஊசிமுனையாகக் கையில் பட்டால் மறுபடி ஒட்ட வேண்டும். எண்ணெய் ஊறுகாயையும் பொடியையும் ஒரே பெட்டியில் அனுப்பாதீர்கள். ஒன்று கசிந்தால் இரண்டும் போயிற்று.

தபாலில் அனுப்புகிறவர்களுக்கு: பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. விரைவுத் தபாலின் கண்காணிப்பு எண்ணை வென்றவருக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய ரசீதின் படத்தை, முகவரியை மறைத்து, பக்கத்திலும் போடுங்கள்.

பெட்டிக்குள் கையால் எழுதிய ஒரு சீட்டு வையுங்கள். அவர் எழுதிய பதிலைக் குறிப்பிட்டு இரண்டு வரி போதும். அச்சடித்த நன்றி அட்டையை யாரும் படமெடுப்பதில்லை.

13. வெல்லாதவர்கள்: அடுத்த பத்து நாட்கள்

143 பேரில் மூன்று பேருக்குப் பரிசு. மீதி 140 பேரும் உங்கள் பொருளைப் பற்றி யோசித்து நான்கு வரி எழுதியவர்கள். பெரும்பாலானோர் முடிவை அறிவித்த அன்றே கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போகிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் இல்லை.

முடிவு வந்த மறுநாள், சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டும், ஒவ்வொருவராக வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலை (பிராட்காஸ்ட்) இங்கே நம்ப முடியாது: ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும், உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்துவைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். புதியவர்கள் சேமித்திருக்கமாட்டார்கள். ஒரு நாளைக்கு இருபது பேர் வீதம் எழுதினால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பொதுவான வாசகத்தோடு அவர் சொன்ன பதிலிலிருந்து ஒரு சொல்லையாவது சேருங்கள்: "மாமியாருக்குப் பூண்டு ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருந்தீர்கள். பூண்டில்லாமல் 100 கிராம் பொட்டலம் இருக்கிறது. இந்த மாதம் 10-ஆம் தேதி வரை உங்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி."

ஒரு முறைதான். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாவது முறை எழுதினால் எண்ணைத் தடுத்துவிடுவார்கள், நிறையப் பேர் தடுத்தால் வாட்ஸ்அப் உங்கள் கணக்கையே முடக்கவும் கூடும்.

வாட்ஸ்அப் பிசினஸில் இவர்கள் எல்லாருக்கும் போட்டியின் பெயரில் ஒரு லேபிள் போட்டுவையுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த லேபிளைத் திறந்து, எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் மறுபடி வாங்கினார்கள் என்று எண்ணுங்கள். முதலில் எழுதி ஒட்டிய அந்த ஒரு வரிக்குக் கீழே இந்த இரண்டு எண்களையும் எழுதிவிட்டு, அடுத்த போட்டி வேண்டுமா என்று அப்போது முடிவுசெய்யுங்கள். ஆண்டுக்கு மூன்றுக்குமேல் நான் நடத்துவதில்லை. அதற்குமேல் போனால், போட்டி வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று வாடிக்கையாளர்கள் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.